தங்கச்சியைப் பார்த்துக்கொள்ள வந்தவர்கள்

1

வள்ளி, செல்லையா,

உங்கள் அம்மா பதுளைக்குத் திரும்பி வந்து நேற்றோடு ஒரு வருஷம் ஆகிறது. அதற்காக நாங்கள் ஒன்றும் செய்யவில்லை. நேற்றுக் காலையில் கடையைத் திறந்ததும் மேகம் உள்ளே வந்துவிட்டது. மழைக்காலத்தில் இங்கே அது சாதாரணம். நமுனுகுல மலையிலிருந்து இறங்கி, தெருவைத் தாண்டி, சாமான் வாங்க வந்தவரைப் போலப் படியேறி, பருப்பு மூட்டை மேல் உட்கார்ந்துகொள்ளும். எதிரில் நிற்பவர் முகம் தெரியாது. "மொதலாளி, அரை ராத்தல் மிளகா" என்று குரல் மட்டும் வரும். அந்த வெள்ளைக்குள்ளிருந்து, பின்கட்டில் உங்கள் தங்கச்சி மீனாவும் அம்மாவும் ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. நான் தராசைப் பிடித்த கையோடு அப்படியே நின்றுவிட்டேன். மிளகாய் கேட்டவர் இரண்டாம் தடவை கேட்க வேண்டியதாயிற்று.

போன மாசம் ஊரிலிருந்து வந்த ஒருவரிடம், வள்ளி, நீ ஒரு கேள்வி சொல்லி அனுப்பியிருந்தாய். "ஆயான்னா சொந்தக்காரங்களா, வேலைக்காரங்களா? நம்ம ஊர்ல பிள்ளை வளர்க்க யாரும் ஆள் வைக்கிறதில்லையே, அப்பா மட்டும் ஏன் வச்சாங்க?" அவர் அதை உன் குரலிலேயே சொல்லிக் காட்டினார். எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் சுருக்கென்றும் இருந்தது.

நான் மூன்றாம் வகுப்புக்கு மேல் படித்தவன் இல்லை. தெரிந்ததைத் தெரிந்தபடி எழுதுகிறேன். உங்கள் தெருப் பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டுங்கள். அவர்களிலும் எத்தனையோ பேருக்கு அப்பா கடல் தாண்டி இந்தக் கரையில்தான் இருக்கிறார்.

2

மீனா அப்போது சுவரைப் பிடித்து நிற்கப் பழகிக்கொண்டிருந்தாள். ஊரில் உங்கள் தாத்தா படுத்த படுக்கையானார். அம்மா அவருக்கு ஒரே பெண். உங்கள் இருவரையும் பெரியப்பா வீட்டில் விட்டுப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவும் வேண்டியிருந்தது. புறப்படுகிற சமயம் பார்த்து மீனாவுக்கு மணல்வாரி அம்மை போட்டது. உடம்பெல்லாம் சிவப்பு. அந்தக் குழந்தையோடு போனால் கப்பல்துறையில் டாக்டர் பார்த்துத் திருப்பிவிடுவார்.

"ரெண்டே மாசம். போயிட்டு வந்துடறேன்" என்று அம்மா சொன்னாள். உங்களுக்கு நினைவிருக்கும், பண்டாரவளை ரயிலுக்குப் போகிற மாட்டு வண்டியில் அவள் பின்பக்கம் பார்த்தே உட்கார்ந்திருந்தாள்.

அந்த வருஷம்தான் விஷக் காய்ச்சல் பரவியது. இந்தப் பக்கம் கப்பல் ஏறுகிறவர்களை நிறுத்திச் சோதிக்கிற மண்டபம் முகாமை அடைத்தார்கள், திறந்தார்கள், மறுபடியும் அடைத்தார்கள். தாத்தா போய்ச் சேர்ந்தார். அம்மாவும் காய்ச்சலில் விழுந்து எழுந்தாள். இரண்டு மாசம் என்றது வளர்ந்து வளர்ந்து இரண்டு வருஷத்தைத் தொட்டது. அக்கரையிலிருந்து வருகிற எவரிடமும் அவள் ஒரே ஒரு கேள்வியைத்தான் கொடுத்து அனுப்புவாள். "நான் வந்து நின்னா பிள்ளை என்கிட்ட வருமா?"

எல்லாரிடமும் 'வருவாள்' என்றே சொல்லி அனுப்பினேன். எனக்கும் தெரியாது.

3

ஆரம்பத்தில் யாரையும் வைக்கவில்லை. தொட்டிலில் ஒரு கயிறு கட்டி, சுவர் ஓட்டை வழியாகக் கடைக்குள் இழுத்து, என் கால் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டேன். கை நிறுக்கும், கால் ஆட்டும். மத்தியானத்தில் தகரத்தின் மேல் மழை ஒரே சீராக விழும்போது எனக்கும் கண் சொருகிவிடும். ஆடுவது தொட்டிலா கப்பலா என்று தெரியாது. அந்தக் கப்பலில் நாம் ஐந்து பேரும் இருப்போம். செல்லையா கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்ப்பான். கரை மட்டும் வரவே வராது. வரவேண்டும் என்றும் தோன்றாது. விழித்துப் பார்த்தால் எதிரில் தேயிலைத் தோட்டத்து ஆள் ஒருவர் கருவாட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "காலுக்கு என்ன மொதலாளி, இழுப்பா?" என்று கேட்பார்.

குழந்தை நடக்கத் தொடங்கியதும் கயிறு பயன்படவில்லை.

4

முதலில் சொந்தத்தில் கேட்டேன். பசறையில் எனக்கு அக்கா முறையாக ஒருவர் இருந்தார். தன் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். சொந்தம் வந்தால் சம்பளம் கிடையாது. அதனால் ஒரு வேலையும் சொல்ல முடியாது. மீனா அழுதால் அக்கா இருந்த இடத்திலிருந்தே, "தம்பி, உன் பிள்ளை அழுவுது பாரு" என்று கடைக்குக் குரல் கொடுப்பார். நான் ஓடுவேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அக்காவுக்கும் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு வருவேன். நல்ல மனுஷி. தீபாவளிக்குப் பசறைக்கே திரும்பினார்.

அடுத்து வந்தது தங்கி வேலை செய்கிற ஆயா. பெயர் அன்னம்மா. தோட்டத்துப் பங்களாக்களில் துரைமார் பிள்ளைகளை வளர்த்தவர். வெள்ளைச் சேலை, நகம் வெட்டிய கை. வந்ததும் வீட்டைச் சுற்றிப் பார்த்தார்.

"பேபிக்கு ரூம் எங்க மாஸ்டர்?"

"இதுதாம்மா."

"இது மிளகா ரூம்."

"ஒரு ஓரமாத்தான் மூட்டை இருக்கு."

"பேபி தும்முது மாஸ்டர்."

அது உண்மைதான். மூட்டைகளை இடம் மாற்றினேன். மணி பார்த்துப் பால், மணி பார்த்துத் தூக்கம். தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்று அவர் வைத்த சட்டம் இன்றைக்கும் நம் வீட்டில் இருக்கிறது. ஒன்றுதான் ஒத்துவரவில்லை. சாயங்காலம் குழந்தையைப் படுக்கவைத்துவிட்டால் அழுதாலும் யாரும் தூக்கக் கூடாது என்பார்.

"அழுது பழகணும் மாஸ்டர். தொரை வீட்ல அப்படித்தான்."

"தொரை வீட்ல பிள்ளை அழுதா சுத்தி மலைதாம்மா கேக்கும். இங்க பக்கத்துல துணிக்கடைக்காரரு இருக்காரு. அவரு சண்டைக்கு வந்துருவாரு."

துணிக்கடைக்காரரும் உண்மையிலேயே வந்துவிட்டார். பிறகு ஒரு துரை குடும்பம் நுவரெலியாவுக்கு மாறிப் போனபோது அன்னம்மாவைக் கேட்டு ஆள் வந்தது. அவருக்கும் அதுதான் பழகிய இடம். போகும்போது மீனாவின் நெற்றியைத் துடைத்துவிட்டு, "குட் கேர்ள்" என்று சொன்னார். அவர் போவதைப் பார்த்து மீனா அழக்கூட இல்லை. அதைக் கண்டு எனக்குப் பயம் வந்தது. இந்த வயசிலேயே ஆட்கள் போவதற்குப் பழகிவிட்டாளே என்று நினைத்தேன்.

தோட்டங்களில் பிள்ளைக்காம்பரா என்று ஒன்று உண்டு. தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகிற பெண்கள் கைக்குழந்தைகளை, தாங்கள் குடியிருக்கிற வரிசை வீடான லயத்தில் ஒரு காம்பராவில், அதாவது ஒரு அறையில், விட்டுப் போவார்கள். வேலைக்குப் போக முடியாத ஒருத்தி எல்லாத் தொட்டிலையும் ஆட்டிக்கொண்டிருப்பாள். அங்கே விடலாமா என்று தெரிந்த கணக்கப்பிள்ளை ஒருவரிடம் கேட்டேன்.

"காலைப் பெரட்டுல பேர் கூப்பிட்டு வேலைக்கு எடுக்குறவங்க பிள்ளைக்குத்தான் எடம். உங்க சம்சாரம் கொழுந்து எடுக்க வருவாங்களா?"

"அவ அக்கரையில இருக்கா."

"அப்ப நீங்க வாங்க. கூடை ஒண்ணு தரச் சொல்றேன்" என்று சிரித்தார். நல்லவர்தான். சட்டம் அப்படி.

அதன் பிறகு பகலில் மட்டும் வந்து போக ஒரு பெண் கிடைத்தார். பெயர் பொடிமெனிக்கா. ஆற்றுக்கு அந்தப் பக்கம் வயல் வைத்திருக்கிற சிங்களக் குடும்பம். பொழுது விடிந்து வருவார், விளக்கு ஏற்றுவதற்கு முன் போய்விடுவார். மீனாவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏதோ பாட்டு முனகியபடியே வீடு முழுக்க நடப்பார். அர்த்தம் பாதி எனக்குப் புரியாது. வாசலில் வெயிலும் மழையும் சேர்ந்து விழுகிற பொழுதுகளில் அந்தப் பாட்டைக் கேட்டால், நான் எந்த ஊரில் இருக்கிறேன் என்பதே மறந்துபோகும். மீனா முதலில் பேசிய பேச்சு 'வத்துர'. சிங்களத்தில் தண்ணீர் என்று அர்த்தம். அதை அம்மாவுக்குச் சொல்லி அனுப்பலாமா வேண்டாமா என்று யோசித்து, கடைசியில் சொல்லி அனுப்பினேன்.

அறுவடை வந்தால் பொடிமெனிக்கா வயலுக்குப் போயாக வேண்டும். பகல் ஆள் என்றால் அப்படித்தான். அவர் வீட்டுக்கு மிஞ்சிய பகல்தான் நமக்கு.

5

அப்படி ஒரு அறுவடைச் சமயத்தில்தான் பேச்சி வந்தாள். தெமோதரைப் பக்கம் ஒரு தோட்டத்தில் சரிவில் விழுந்து கால் பிசகி, கொழுந்து எடுக்க முடியாமல் போனவள். புருஷன் அங்கே ரயில் பாதைக்கு மலை குடைகிற வேலையில் இருந்தான். எப்போதாவது ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துப் போவான். அவள் நம் வீட்டிலேயே தங்கினாள். சம்பளம் வாங்கினாள். ஆனால் வேலைக்காரி மாதிரி எதையும் கேட்டுச் செய்யவில்லை. சொந்தக்காரி மாதிரி உட்கார்ந்து காப்பி கேட்கவும் இல்லை. வள்ளி, உன் கேள்விக்கு நேர்ப் பதில் என்னிடம் இல்லை. நீங்கள் வரும்போது அவளைப் பேச்சியக்கா என்று கூப்பிடுங்கள்.

வந்த அன்றைக்கே தொட்டிலைப் பார்த்தாள். அது கடையில் வாங்கின புது வெள்ளைத் துணி.

"இதுல என்ன வாசனை இருக்கு, பிள்ளை தூங்குறதுக்கு?" என்று அவிழ்த்துப் போட்டாள். தன்னுடைய பழஞ்சேலை ஒன்றைக் கட்டினாள். மீனா அன்றைக்குத் தூங்கின தூக்கத்தில், மூச்சு இருக்கிறதா என்று இரண்டு தடவை போய்ப் பார்த்தேன்.

அது முதல் பேச்சி இல்லாமல் மீனாவுக்கு விடியாது. ஒரு நாள் அவளைப் பார்த்து "அம்மா" என்றாள். பேச்சி கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"நான் பேச்சி. அம்மா கப்பல்ல வருவாங்க. சொல்லு, பேச்சி."

"பேச்சி அம்மா."

"அம்மா வேண்டாம். பேச்சி மட்டும்."

குழந்தை அழுதது. இவளும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முகாமைத் திறந்துவிட்டார்கள், அம்மா வரப்போகிறாள் என்று தெரிந்ததும் பேச்சி என்னிடம் வந்தாள்.

"மொதலாளி, அம்மா கட்டுன சேலை ஒண்ணை மொதல்ல அனுப்பச் சொல்லுங்க. தொட்டில்ல கட்டுவோம். அவுங்க வந்து நிக்கிறப்ப பிள்ளைக்கு அந்த வாசனை புதுசா இருக்கக் கூடாது."

எனக்கும் சரியென்று பட்டது. தகவல் அனுப்பினேன். அக்கரையிலிருந்து தோட்டத்துக்கு ஆள் கூட்டி வந்த கங்காணி ஒருவர் ஒரு மூட்டை கொண்டுவந்தார். அதில் பேச்சிக்கு ஒரு புதுச் சேலையும், அம்மாவின் பச்சைச் சேலையும் இருந்தன. பேச்சி பச்சைச் சேலையை முகத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள்.

"நீங்களே மோந்து பாருங்க."

வெள்ளாவியில் வைத்து, கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல் இருந்தது. நம் வழக்கம் அப்படி. இன்னொரு வீட்டுக்குப் போகிற துணியை உடுத்திய அழுக்கோடு அனுப்புவார்களா? வண்ணான் வீட்டுக்கு அதைக் கொண்டுபோய்ப் போட்டதே செல்லையாதான் என்று அம்மா பிறகு சொன்னாள். உன் மேல் தப்பில்லை, செல்லையா. மரியாதைக்குச் செய்தது.

"இதுல வண்ணான் வாசனைதான் வருது" என்றாள் பேச்சி. "பிள்ளைய வண்ணான்கிட்டயா குடுக்கப் போறோம்?"

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டு, "இனி ஒண்ணும் செய்ய முடியாது. வரட்டும்" என்றாள்.

6

மண்டபத்தில் நடந்ததை அம்மா சொன்னாள். தோட்டத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு வரிசை, கடைக்காரக் குடும்பங்களுக்கு ஒரு வரிசை. கொட்டகையில் காய்ச்சல் பார்த்தார்கள், மூட்டைக்கு மருந்துப் புகை போட்டார்கள். கடைசியில் மேசைக்காரர் கேட்டிருக்கிறார்.

"பிள்ளைங்க எத்தனை?"

"மூணுங்க."

"எங்க?"

"ரெண்டு ஊர்ல. ஒண்ணு பதுளையில."

"உன்கூட வர்றது?"

"என்கூட யாரும் இல்லீங்க."

அவர் தலை நிமிர்ந்து ஒரு தடவை பார்த்துவிட்டு முத்திரை குத்தினாராம். கப்பல் ஏறின பிறகும் அந்தப் பதிலையே தனக்குள் சொல்லிக்கொண்டு வந்ததாக அம்மா சொன்னாள்.

பண்டாரவளையில் இறங்கி வண்டியில் வந்து சேர்ந்தபோது லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. பேச்சி மீனாவுக்குத் தலைவாரிப் பூ வைத்து வாசலில் நிறுத்தியிருந்தாள். அம்மா வண்டியிலிருந்து இறங்கினாள். ஓடி வரவில்லை. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு தூறலில் அப்படியே நின்றாள்.

மீனா ஒரு கணம் பார்த்தாள். திரும்பிப் பேச்சியின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பேச்சி பிடித்து முன்னே தள்ளினாள். அவ்வளவுதான், தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு அலறல். அம்மாவின் கைகள் நீட்டியபடியே இருந்தன. நான் போய்த்தான் இறக்கினேன்.

நம்முடைய துணிக்கடைக்காரர் அன்று சாயங்காலமே வந்து யோசனை சொன்னார்.

"ஆயாவ நாளைக்கே அனுப்பிடுங்க. பிள்ளை கொஞ்ச நாள் அழும். அப்புறம் வேற போக்கிடம் ஏது? அம்மான்னு தானா வந்துரும்."

பேச்சியும் அதே எண்ணத்தில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். "ஆமாங்க. ரெண்டு பேர் இருந்தா பிள்ளைக்குக் குழப்பம். நான் லயத்துக்கே போறேன்." முடிச்சுப் போட்டதையே மறுபடி அவிழ்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

எனக்கும் அதுதான் வழி என்று தோன்றியது. சொல்ல வாயெடுத்தேன். அம்மா முந்திக்கொண்டாள்.

"வேண்டாம். அது ஒரு தடவ அம்மாவ விட்டுருச்சு. இன்னொரு தடவ விடணுமா?"

அம்மா போய்ப் பேச்சியின் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"இந்த வீட்ல இன்னும் ஒரு ஆளுக்கு வேலை இருக்கா பேச்சி?"

பேச்சிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் மூட்டையிலிருந்து கையை எடுத்தாள்.

"இருக்கும்மா. ஆனா மொதலாளி முன்ன வேலை பார்த்த எடம் எதுன்னு கேப்பாரு."

"அக்கரையில இருந்தேன்னு சொல்லு."

"சம்பளம்?"

"சோறு போட்டாப் போதும்."

7

அப்படித்தான் உங்கள் அம்மா தன் வீட்டிலேயே ஆயாவாகச் சேர்ந்தாள். குழந்தையைத் தூக்கவில்லை, கூப்பிடவில்லை, 'நான்தான் அம்மா' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பேச்சி குளிப்பாட்டினால் தண்ணீர் விளாவிக் கொடுத்தாள். பேச்சி ஊட்டினால் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டாள். மீனாவின் துணிகளைத் துவைத்தாள். மீனா தூரத்திலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சில நாள் கழித்து அவளாகவே ஒரு பெயர் வைத்தாள். "புது ஆயா." அதைக் கேட்டு நான் கடைக்குள் போய்விட்டேன். அம்மா மட்டும், "என்ன வேணும்?" என்று சாதாரணமாகத் திரும்பினாள். "வத்துர" என்றாள் மீனா. அம்மாவுக்கு அந்த வார்த்தை தெரிந்திருந்தது. கொதித்து ஆறிய தண்ணீரை மொண்டு கொடுத்தாள். அக்கரையில் இருந்தபோதே அதைப் பலமுறை சொல்லிப் பழகியிருக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. அதை நான் அவளிடம் கேட்கவில்லை.

மேகம் வருவதும் போவதுமாக நாட்கள் போயின. மீனா புது ஆயாவிடம் முதலில் செருப்பைக் கொடுத்தாள், பிறகு பொம்மையைக் கொடுத்தாள், பிறகு தலையைக் கொடுத்தாள் வாரிவிடச் சொல்லி. கையை மட்டும் கொடுக்கவில்லை. அப்போது உங்கள் நினைவும் எனக்கு வரும். உங்கள் இருவருக்கும் நான் இப்போது ஒரு கையெழுத்து மட்டும்தானோ என்று சில மாலைகளில் தோன்றும். உங்கள் எதிரில் ஒருநாள் வந்து நின்றால் எனக்கு என்ன வேலை கொடுப்பீர்களோ.

ஒரு நாள் சாயங்காலம். மழை விட்டு, மலையடிவாரம் முழுக்க நீலமாக இருந்தது. வயல் வேலை ஓய்ந்ததால் பொடிமெனிக்கா பகலுக்கு வந்திருந்தார். குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். மீனா வாசல் வரை போய் அவருக்குக் கையசைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். பேச்சி பாயை விரித்துத் தலையணைகளைப் போட்டுக்கொண்டிருந்தாள். அம்மா விளக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மீனா அவள் எதிரில் வந்து நின்றாள்.

"நீ போகல?"

"எங்க?"

"உன் வீட்டுக்கு. இருட்டுது."

அம்மா துடைப்பதை நிறுத்தவில்லை. "நான் போறதில்ல."

"நாளைக்கு?"

"நாளைக்கும் போகமாட்டேன்."

மீனா இதை நெடுநேரம் யோசித்தாள். பேச்சியைத் திரும்பிப் பார்த்தாள். பேச்சி தலையணை உறையின் முடிச்சைச் சரிசெய்கிற சாக்கில் தலை நிமிரவே இல்லை. கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கிற கதவில் நான் நின்றிருந்தேன். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை.

மீனா அம்மாவின் விரலைப் பிடித்தாள். கண்ணாடியை வாங்கிக் கீழே வைத்தாள். பாய் வரைக்கும் இழுத்துக்கொண்டு போய், தான் படுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் தட்டிக் காட்டினாள். அங்கே பேச்சியின் தலையணை இருந்தது.

"பேச்சி," என்றாள், "கொஞ்சம் தள்ளிக்க."

பேச்சி தள்ளிக்கொண்டாள்.